கூரைக்கு மேல் சூரியன், கூரைக்குள் இருட்டு

2012 ஜூலை 30, 31 ஆகிய இரண்டு நாட்களில் நாட்டின் மின்கட்டமைப்பு அடுத்தடுத்து இருமுறை சரிந்தபோது, ஏறத்தாழ 60 கோடி மக்கள் இருட்டில் தள்ளப்பட்டார்கள். ரயில்கள் நடுவழியில் நின்றன. மேற்கு வங்க நிலக்கரிச் சுரங்கங்களின் ஆழத்தில் தொழிலாளர்கள் சிக்கித் தவித்தார்கள். அன்று வீட்டுக் கூரைகளில் சூரிய மின் தகடுகள் அநேகமாக இல்லை. இன்று லட்சக்கணக்கான கூரைகளில் இருக்கின்றன. அதே போன்றதொரு சரிவு நாளை உச்சி வெயில் நேரத்தில் ஏற்பட்டால் இந்தக் கூரைகளுக்குக் கீழே மின்விசிறி சுழலுமா? மிகப் பெரும்பாலான வீடுகளில் சுழலாது. தெருவில் மின்சாரம் போகும் அதே நொடியில் கூரையின் மின்சாரமும் போய்விடும்.

மோடி அரசின் பளபளப்பான விளம்பரங்கள் மக்களுக்குச் சொல்லாமல் விட்ட செய்தி இதுதான். 2024 பிப்ரவரியில், நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்பாக, பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் தொடங்கப்பட்டது. 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு, ஒரு கோடி வீடுகள், மாதம் 300 யூனிட் இலவசம் என்று முழங்கினார்கள். ஒவ்வொரு வீடும் ஒரு மின்நிலையம், ஒவ்வொரு குடும்பமும் தற்சார்பு என்று மேடைதோறும் பேசினார்கள். ஆனால் இத்திட்டத்தின் கீழ் சாதாரணமாகப் பொருத்தப்படும் கருவி தற்சார்பு உடையது அல்ல. அது மின்கட்டமைப்பின் நாடித்துடிப்பைப் பின்பற்றி மட்டுமே இயங்கக் கூடியது. கட்டமைப்பில் இருந்து 50 ஹெர்ட்ஸ் அலைவெண் வந்துகொண்டிருந்தால்தான் அதன் இன்வெர்ட்டர் வேலை செய்யும். அது நின்றால் இதுவும் நிற்கும்.

இப்படி நிற்பது கருவியின் கோளாறு அல்ல என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் 2013ஆம் ஆண்டு ஒழுங்குமுறையே இதைக் கட்டாயமாக்கியுள்ளது. காரணம், கம்பத்தில் ஏறி நிற்கும் தொழிலாளியின் உயிர். துணை மின்நிலையத்தில் மின்பாதையைத் துண்டித்துவிட்டு, கம்பியில் மின்சாரம் இல்லை என்ற நம்பிக்கையில் அவர் கைவைக்கும்போது, ஏதோ ஒரு மாடி வீட்டுத் தகட்டில் இருந்து மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்தால் அவர் கருகிப் போவார். முறையான மாற்று சுவிட்ச் இல்லாமல் இணைக்கப்பட்ட ஜெனரேட்டர்களால் இந்த விபத்து நாட்டின் பல இடங்களில் நடந்திருக்கிறது. இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்பதை மின்சார ஊழியர் சங்கங்களைக் கேட்டால் தெரியும். ஆகவே அந்தப் பாதுகாப்பு இருந்தே தீர வேண்டும்.

கேள்வி வேறு. பாதுகாப்பையும் காத்துக்கொண்டு, மின்வெட்டின்போதும் வீட்டுக்குள் விளக்கு எரியச் செய்யும் தொழில்நுட்பம் கடையில் கிடைக்கிறது. வெளிக்கம்பியில் இருந்து வீட்டைத் தனியாகத் துண்டித்துக்கொண்டு, தகட்டிலும் பேட்டரியிலும் இருந்து உள்ளே மட்டும் மின்சாரம் தரும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. 75,021 கோடி ரூபாய்த் திட்டத்தில் அதற்கு என்ன இடம்? தகட்டுக்கு மானியம் உண்டு. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய், ஆக மொத்தம் 78,000 ரூபாய். பேட்டரிக்கு ஒரு காசும் இல்லை. வேண்டுமென்றால் சொந்தப் பணத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

இதிலேயே திட்டத்தின் வர்க்கத் தன்மை வெளிப்பட்டுவிடுகிறது. அரசின் சொந்த அளவுகோல்படியே மூன்று கிலோவாட் அமைப்பின் விலை சுமார் 1,45,000 ரூபாய். மானியம் போக 67,000 ரூபாயைக் குடும்பம் கடனாகவோ சேமிப்பாகவோ கொண்டுவர வேண்டும். அதற்கும் முன்னால் சொந்தமாக ஒரு கான்கிரீட் கூரை வேண்டும், அந்தக் கூரையின் மீது சட்டப்படியான உரிமை வேண்டும், நிழல் விழாத இடம் வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் குடிசைப் பகுதிகளில் மட்டும் 1.37 கோடிக் குடும்பங்கள் வாழ்ந்தன. அவர்களுக்கு இத்திட்டத்தில் என்ன இருக்கிறது? அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் தங்கள் லிஃப்டுக்கும் நீர் மோட்டாருக்கும் சூரிய மின்சாரம் அமைத்துக்கொள்ள 500 கிலோவாட் வரை, கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் பெறலாம். பக்கத்துக் குடிசைப் பகுதியின் பொதுக் குடிநீர்க் குழாய்க்கு அப்படி ஒரு வாசகம் தேடினாலும் கிடைக்காது.

இன்வெர்ட்டரின் வர்க்கம்

மின்வெட்டுக்குத் தனியார் மருந்து இன்வெர்ட்டரும் பேட்டரியும் என்பது கடந்த முப்பது ஆண்டுகளாக வட இந்திய நகரங்களின் வாழ்க்கை முறை. கான்பூரிலோ பாட்னாவிலோ ஓரளவு வசதியுள்ள எந்த வீட்டிலும் மாடிப்படியின் கீழே அந்தப் பெட்டி உறுமிக்கொண்டிருக்கும். இந்த மருந்து நோயை வளர்க்கும் மருந்து என்பது பலருக்கும் தெரிவதில்லை.

சாதாரண 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் 1.8 யூனிட் மின்சாரம் தேங்கும். அதில் பாதிக்கு மேல் அடிக்கடி உறிஞ்சினால் அதன் ஆயுள் குறையும் என்பதால் பயன்படுவது ஒரு யூனிட்டுக்கும் குறைவுதான். அந்த ஒரு யூனிட்டைத் திரும்பப் பெறுவதற்கு, பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கும் இன்வெர்ட்டரில் இன்னும் ஒரு பங்கும் வெப்பமாக வீணாவதால், கட்டமைப்பில் இருந்து ஏறத்தாழ 1.4 யூனிட் இழுத்தாக வேண்டும். மின்சாரம் பற்றாமல்தான் வெட்டு வருகிறது. வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பிய கணத்தில் அந்தப் பகுதியின் எல்லா இன்வெர்ட்டர்களும் ஒரே நேரத்தில் பசியோடு இழுக்கத் தொடங்குகின்றன. மின்மாற்றி திணறுகிறது, மறுபடியும் வெட்டு. பேட்டரி வைத்திருப்பவர் இரண்டாவது வெட்டையும் தாண்டிவிடுவார். பேட்டரி இல்லாத தொழிலாளர் குடும்பம் இரண்டு வெட்டையும் முழுமையாக அனுபவிக்கும். நியாயவிலைக் கடையில் வரிசையின் முன்னால் நிற்பவர் ஒன்றுக்கு ஒன்றரைப் பங்காக வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் அரைப் பங்கைக் கொட்டிவிடுவதைப் போன்றது இது.

அந்த பேட்டரியே மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் செத்துப் போகிறது. செத்த பேட்டரி எங்கே போகிறது? 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளரே பொறுப்பு என்கின்றன. நடைமுறையில் நகர்ப்புறச் சேரிகளின் ஓரத்தில், முகமூடிகூட இல்லாமல், ஈயத்தை உருக்கும் உலைகளின் முன்னால் நிற்பவர்கள் உழைப்பாளிகளும் அவர்களது குழந்தைகளுமே. மின்வெட்டைத் தாண்டியவரின் வசதிக்கான விலை அங்கே, ரத்தத்தில் கலந்த ஈயமாகக் கொடுக்கப்படுகிறது.

சூரியத் தகட்டோடு இணைந்த பேட்டரி இந்தக் கணக்கை மாற்றுகிறது. பகலில் தகடு அதை நிரப்பிவிடுவதால் கட்டமைப்பின் மீது அந்தத் திடீர்ச் சுமை விழுவதில்லை. அதனால்தான் இரண்டையும் இணைப்பது என்பது வெறும் பொறியியல் நுணுக்கம் அல்ல. யாருக்கு, எங்கே, யாருடைய உடைமையாக இணைப்பது என்பதில் அரசியல் இருக்கிறது.

தார்னாய் சொன்ன பாடம்

பீகார் மாநிலம் ஜெகானாபாத் மாவட்டத்தில் தார்னாய் என்றொரு கிராமம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கே மின்சாரம் இல்லை. 2014 ஜூலையில் கிரீன்பீஸ் என்ற பன்னாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பு வேறு இரண்டு நிறுவனங்களுடன் சேர்ந்து அங்கே 100 கிலோவாட் சூரிய மின் அமைப்பை நிறுவியது. சுமார் 450 வீடுகளுக்கு விளக்கு, தெருவிளக்கு, பள்ளிக்கு மின்சாரம், பாசனத்துக்குப் பத்து மோட்டார்கள். இந்தியாவின் முன்மாதிரிக் கிராமம் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. நிதிஷ் குமார் அங்கே வந்தபோது கிராம மக்கள் வரவேற்றார்கள். வரவேற்றுவிட்டு, தங்களுக்கு அசல் மின்சாரம் வேண்டும் என்று கேட்டார்கள். குளிர்பதனப் பெட்டியும் அதிக மின்சாரம் இழுக்கும் பிற கருவிகளும் இயங்கக் கூடிய, கட்டணம் குறைந்த, நகரத்தில் இருப்பவனுக்குக் கிடைக்கும் அதே மின்சாரம்.

தொண்டு நிறுவன வட்டாரங்களில் இது மக்களின் அறியாமை என்று சிலர் வருந்தினார்கள். அறியாமை யாருடையது? ஏழைக்கு இரண்டு பல்பும் ஒரு கைப்பேசி சார்ஜரும் போதும், அதற்கும் நகரத்து நுகர்வோரைவிட அதிகக் கட்டணம் தர வேண்டும் என்று முடிவு செய்தது கிராமமா? தார்னாய் மக்கள் சூரியனை வெறுக்கவில்லை, இரண்டாம்தரக் குடியுரிமையை வெறுத்தார்கள். விரைவிலேயே மின்கம்பி வந்தது. குறைந்த கட்டணத்தில் வந்தது. மக்கள் அதற்கு மாறினார்கள். சில ஆண்டுகளில் பேட்டரிகள் வலுவிழந்தன, மாற்றப் பணம் இல்லை, பராமரிக்க ஆள் இல்லை. முன்மாதிரி என்று போற்றப்பட்ட நிலையம் மாட்டுத் தொழுவமாகிவிட்டது என்று பின்னர் சென்ற செய்தியாளர்கள் எழுதினார்கள்.

இங்கேதான் உண்மையான இழப்பு. கம்பி வந்த பிறகும் அங்கே மின்வெட்டு இல்லாமல் போகவில்லை. 100 கிலோவாட் சூரிய நிலையம் ஏற்கெனவே கிராமத்துக்குள் நின்றுகொண்டிருந்தது. அதைக் கட்டமைப்போடு இணைத்திருந்தால் பகலில் கட்டமைப்புக்கு மின்சாரம் தந்திருக்கும், கம்பி அறுந்த இரவில் பள்ளியையும் தெருவிளக்கையும் காப்பாற்றியிருக்கும். இணைக்கும் வேலையை யாரும் செய்யவில்லை. தொண்டு நிறுவனத்துக்குக் கட்டமைப்பு எதிரி. அரசின் விநியோக நிறுவனத்துக்குச் சூரிய நிலையம் அந்நியச் சொத்து. இரண்டுக்கும் நடுவில் மக்களின் பொதுச்சொத்து ஆகியிருக்க வேண்டிய ஒன்று துருப்பிடித்தது.

இதைத் தொண்டு நிறுவனங்களின் தோல்வி என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுவது நேர்மையாகாது. இடது முன்னணி ஆட்சியின்போது மேற்கு வங்கத்தில், சுந்தரவனத்தின் சாகர் தீவில், மின்கம்பி எட்ட முடியாத கிராமங்களுக்காக மாநில அரசின் மாற்று எரிசக்தி முகமை 1996ல் கமல்பூரில் 26 கிலோவாட் சூரிய நிலையத்தை நிறுவியது. பின்னர் தீவின் வேறு கிராமங்களுக்கும் அது பரவியது. பயனாளிகளே குழு அமைத்து இணைப்புகளைக் கண்காணித்தார்கள். அன்றைய இந்தியாவில் அது முன்னோடி முயற்சி, பெருமைக்குரியது. ஆனால் ஆற்றைக் கடந்து மின்கம்பி தீவுக்குள் வந்த காலத்தில், அந்த நிலையங்களைக் கம்பியோடு பிணைத்துக் காப்பு ஏற்பாடாக மாற்றும் திட்டம் கையில் இல்லை. 2020 மே 20 அன்று ஆம்பன் புயல் சுந்தரவனத்தைப் புரட்டிப் போட்டுக் கம்பங்களைச் சாய்த்தபோது, அந்தத் தீவுகளுக்கு அத்தகைய காப்பு எவ்வளவு தேவைப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை.

இரவில் பிறக்கும் குழந்தை

மாறாக, இணைப்பு சரியாக நடந்த இடம் ஒன்றும் உண்டு. சத்தீஸ்கரில் மாநில அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி வளர்ச்சி முகமை 2012 முதல் 2016 வரை 570 ஆரம்ப சுகாதார நிலையங்களில் தலா இரண்டு கிலோவாட் சூரியத் தகடும் பேட்டரியும் பொருத்தியது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மின்கம்பி இணைப்பு ஏற்கெனவே இருந்தது. ஆனால் பகலிலும் இரவிலும் பல மணி நேரம் அது செத்துக் கிடந்தது. சூரிய அமைப்பு கம்பிக்குப் பதிலாக வரவில்லை, கம்பிக்குத் துணையாக வந்தது. 2017ல் வெளியான எரிசக்தி, சுற்றுச்சூழல் மற்றும் நீர்வள மன்றத்தின் ஆய்வு, இந்த ஏற்பாடு உள்ள நிலையங்களில் மாதந்தோறும் நடக்கும் பிரசவங்கள் அது இல்லாத நிலையங்களைப்போல ஏறத்தாழ இரு மடங்கு என்று கண்டறிந்தது. நோயாளிகளின் எண்ணிக்கையும் பாதிக்கு மேல் அதிகம்.

இரண்டு கிலோவாட் என்பது எவ்வளவு? நல்ல வெயில் நாளில் எட்டு யூனிட். பிரசவ அறையின் எல்.இ.டி. விளக்குகளுக்குச் சில பத்து வாட் போதும். பச்சிளம் குழந்தைக்கான வெப்பமூட்டி 600 வாட்டுக்கு மேல் இழுக்கும். ஆக்சிஜன் செறிவூட்டி 350 வாட். தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் காக்கும் பனிக்கட்டிப் புறணி கொண்ட குளிர்பெட்டிக்கு நாளில் எட்டு மணி நேர மின்சாரம் கிடைத்தால்கூடச் சமாளித்துவிடும். ஆனால் வெப்பமூட்டியால் ஐந்து நிமிடம்கூடச் சமாளிக்க முடியாது. இவற்றை நான்கு மணி நேர வெட்டில் ஓட்ட ஏறத்தாழ ஐந்து யூனிட் வேண்டும். ஈய அமில பேட்டரி என்றால் மேலே சொன்ன அளவில் ஆறு, லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் ஆறு யூனிட் கொள்ளளவுள்ள ஒரே பெட்டி. அது பத்து ஆண்டு வரை உழைக்கும்.

இதன் முழு நுட்பமும் மூன்று ஒழுங்குகளில் அடங்கிவிடும். முக்கியமான கருவிகளுக்குத் தனி மின்சுற்று போட வேண்டும். மருத்துவ அலுவலரின் அறைக் குளிரூட்டி அந்தச் சுற்றில் சேரவே கூடாது. (சேர்த்துவிடுகிறார்கள் என்பதுதான் பல இடங்களில் பேட்டரி ஒரே ஆண்டில் சாவதற்கான ரகசியம்.) பகலில் சூரியன் முதலில் சுமையைத் தாங்கி, மிச்சத்தை பேட்டரிக்குத் தர வேண்டும். மூன்று நாள் மழை மூட்டம் வந்தால் மின்கம்பி பேட்டரியை நிரப்ப வேண்டும். புயலடித்துக் கம்பி மூன்று வாரம் வராவிட்டால் சூரியன் நிரப்ப வேண்டும். ஒன்று தவறும் இடத்தில் மற்றொன்று. 2019 மே மாதம் ஃபானி புயலுக்குப் பிறகு ஒடிசாவின் பூரி மாவட்டம் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தது. வெயில் மட்டும் நாள்தோறும் கொளுத்தியது. கட்டமைப்பைப் பின்தொடரும் தகடுகள் ஆயிரம் இருந்தாலும் அந்த வாரங்களில் அவை கண்ணாடிப் பலகைகளே.

ஒடிசாவைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. நாட்டிலேயே முதன்முதலாக மின்விநியோகம் தனியாரிடம் ஒப்படைக்கப்பட்ட மாநிலம் அது. 1999ல் மத்திய மண்டலத்தை அமெரிக்காவின் ஏ.இ.எஸ். நிறுவனம் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் பெரும்புயல் வந்தது. சாய்ந்த கம்பங்களை நிமிர்த்தும் செலவு யாருடையது என்ற தகராறு எழுந்தது. 2001ல் அந்த நிறுவனம் கையைக் கழுவிவிட்டுப் போனது. எஞ்சிய மூன்று மண்டலங்களை வைத்திருந்த ரிலையன்ஸின் உரிமங்களை 2015ல் ஒழுங்குமுறை ஆணையமே ரத்து செய்தது. இத்தனைக்கும் பிறகு, 2020, 2021 ஆண்டுகளில் நான்கு மண்டலங்களும் டாட்டா நிறுவனத்தின் கைக்குப் போயின. லாபம் வரும்போது கம்பி தனியாருடையது, புயல் வரும்போது பொதுமக்களுடையது.

இரண்டு தவறான போக்குகள்

இடதுசாரி வட்டத்துக்குள்ளேயே இந்தப் பிரச்சினையில் இரண்டு தவறான போக்குகள் உண்டு. முதலாவது, சூரிய மின்சாரம் என்றாலே அதானியின் வியாபாரம் என்று ஒதுக்கிவிடும் போக்கு. குஜராத், ராஜஸ்தான் பாலைவனங்களில் பல்லாயிரம் ஏக்கரில் விரியும் பெருமுதலாளிகளின் சூரியப் பூங்காக்களை எதிர்ப்பதற்கு நியாயமான காரணங்கள் ஏராளம். மேய்ச்சல் நிலம் பறிபோகிறது, மாநில விநியோக நிறுவனங்கள் இருபத்தைந்து ஆண்டு ஒப்பந்தங்களில் கட்டிப் போடப்படுகின்றன. ராஜஸ்தானில் மின்சாரத்தை வெளியே கொண்டுபோகப் போதிய மின்பாதை இல்லாமல் உற்பத்தியை நிறுத்தி வைக்கும் அபத்தமும் நடக்கிறது. ஆனால் ஒரு கருவியை முதலாளி உடைமையாக்கியிருக்கிறான் என்பதால் கருவியையே எதிரியாகக் கருதுவது மார்க்சியம் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயந்திரங்களை உடைத்த தொழிலாளர்களின் கோபம் நியாயமானது, அவர்களது இலக்கு தவறானது. 1920ல், உள்நாட்டுப் போரின் சாம்பலில் நின்றுகொண்டு, சோவியத் அரசு கோயெல்ரோ மின்மயத் திட்டத்தை வகுத்தது. மின்சாரத்தின் உடைமையும் அதிகாரத்தின் உடைமையும் பிரிக்க முடியாதவை என்ற புரிதல் அதன் அடிப்படை. இந்தியாவில் 1943ல், வைசிராய் கவுன்சிலின் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர், மின்சாரம் தனியார் கையிலா பொதுக்கையிலா என்ற கேள்வியை எழுப்பி, பொதுக்கையின் பக்கம் நின்று வாதிட்டார். அந்தக் கேள்வி இன்று சூரியத் தகட்டின் மீதும் பேட்டரியின் மீதும் எழுப்பப்பட வேண்டும்.

இரண்டாவது போக்கு இதைவிட இனிமையாகப் பேசும், ஆகவே இதைவிட ஆபத்தானது. கட்டமைப்பு ஊழல் மலிந்தது, அதிகார மையம் கொண்டது, ஆகவே ஒவ்வொரு கிராமமும் ஒவ்வொரு வீடும் அதிலிருந்து விடுபட வேண்டும் என்பது அதன் வாதம். சிறியது எல்லாம் ஜனநாயகம், பெரியது எல்லாம் அடக்குமுறை என்று எண்ணும் குட்டி முதலாளித்துவக் கனவு இது. மழைக்காலத்தில் அசாமில் வெயில் இல்லாதபோது ராஜஸ்தானின் வெயில் உதவ வேண்டும் என்றால் அதற்குக் கம்பி வேண்டும். தொழிற்சாலை தரும் கூடுதல் கட்டணத்தில் இருந்து விவசாயிக்கும் ஏழைக்கும் மானியம் வர வேண்டும் என்றால் அதற்கும் அதே கம்பி வேண்டும்.

மோடி அரசு இந்த இரண்டாவது போக்கின் மொழியைக் கடன் வாங்கித் தன் சொந்தக் காரியத்தைச் செய்துகொள்கிறது. 300 யூனிட்டுக்கு மேல் பயன்படுத்தும் வசதியான குடும்பங்கள்தான் விநியோக நிறுவனத்துக்கு உயர்ந்த விகிதத்தில் கட்டணம் செலுத்துபவை. அவர்களின் கூரையில்தான் முதலில் தகடு ஏறுகிறது. பகலில் கட்டமைப்பில் மின்சாரத்தைப் போட்டுவிட்டு, மாலையில், தேவை உச்சத்தில் இருக்கும்போது திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். அதாவது பொதுக்கட்டமைப்பே அவர்களின் இலவச பேட்டரி. கேரளத்தில் இந்தப் பிரச்சினை வெளிப்படையாகவே விவாதத்துக்கு வந்தது. பகலில் தேவைக்கு மேல் சூரிய மின்சாரம், மாலை உச்ச நேரத்தில் வெளிச்சந்தையில் விலை கொடுத்து வாங்கும் கட்டாயம், அந்தச் சுமை தகடு இல்லாத நுகர்வோரின் தலையில். இதற்காகத் தகடு வைத்த ஆசிரியரையும் ஓய்வூதியரையும் குற்றவாளியாக்குவது தவறு. அரசு மானியத்தோடு அழைத்தது, அவர்கள் வந்தார்கள். மானியத்தை வடிவமைத்தவர்கள்தான் பேட்டரியைத் திட்டத்தில் இருந்து வெளியே தள்ளியவர்கள்.

மறுபக்கத்தில் ஏழைக்கு என்ன கிடைக்கிறது? மாநிலம் மாநிலமாக முன்பணம் கட்டும் ஸ்மார்ட் மீட்டர். 2021ல் அறிவிக்கப்பட்ட 3,03,758 கோடி ரூபாய் விநியோகச் சீரமைப்புத் திட்டத்தில் 25 கோடி மீட்டர்கள் குறிவைக்கப்பட்டன. 2023 ஜூனில் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதிகள், விவசாயம் தவிர்த்த எல்லோருக்கும், ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்டதும் நேரவாரிக் கட்டணத்தைக் கொண்டுவருகின்றன. வெயில் நேரத்தில் கட்டணம் குறைவு, உச்ச நேரத்தில் அதிகம். வெயில் நேரத்தில் தொழிலாளி வீட்டிலா இருக்கிறார்? அவர் வீடு திரும்பி விளக்குப் போடும் நேரம்தான் உச்ச நேரம். பேட்டரி வைத்திருப்பவர் மலிவு நேரத்தில் நிரப்பி, விலையேறிய நேரத்தில் பயன்படுத்துவார். பேட்டரி வாங்க முடியாதவர் அபராதம் செலுத்துவார். இந்த விதிக்கு நுகர்வோர் உரிமை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

2020-21 விவசாயிகள் போராட்டத்தின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று மின்சாரத் திருத்த மசோதாவைத் திரும்பப் பெறுவது. பேச்சுவார்த்தையில் வாக்குறுதி கொடுத்துவிட்டு, 2022 ஆகஸ்ட் 8 அன்று அதே மசோதாவை மக்களவையில் வைத்தார்கள். எதிர்ப்பு எழுந்ததால் நிலைக்குழுவுக்கு அனுப்பினார்கள். 2025 அக்டோபரில் புதிய வரைவோடு மீண்டும் வந்தார்கள். பொதுப்பணத்தில் போட்ட கம்பியில் பல தனியார் நிறுவனங்கள் மின்சாரம் விற்கலாம், உற்பத்தித் தொழில்களும் ரயில்வேயும் தரும் குறுக்கு மானியத்தை ஐந்தாண்டுகளில் ஒழிக்கலாம் என்பதே அதன் சாரம். சண்டிகரில் லாபத்தில் இயங்கிய மின்துறை 2025 பிப்ரவரியில் தனியாரிடம் போய்விட்டது. உத்தரப்பிரதேசத்தில் பூர்வாஞ்சல், தட்சிணாஞ்சல் விநியோக நிறுவனங்களை விற்கும் முயற்சியை எதிர்த்து ஊழியர்கள் மாதக்கணக்கில் களத்தில் நின்றார்கள். 2025 ஜூலை 9 பொது வேலைநிறுத்தத்தில் மின்துறைத் தொழிலாளர்கள் பங்கேற்றதன் பின்னணி இதுவே.

வசதியானவரின் கூரைக்குத் தகடு, ஏழையின் கதவுக்கு முன்பண மீட்டர், நடுவில் இருக்கும் கம்பி பெருமுதலாளிக்கு. தனித்தனித் திட்டங்களாக அறிவிக்கப்பட்டாலும் இவை ஒரே வரைபடத்தின் துண்டுகள்.

இதற்கு மாற்றாக இடதுசாரி இயக்கம் முன்வைக்க வேண்டியது, சூரியனையும் கட்டமைப்பையும் பொது உடைமையில் இணைக்கும் கோரிக்கை. துணை மின்நிலையத்திலும் மின்மாற்றி அளவிலும் அரசு விநியோக நிறுவனத்தின் சொந்த பேட்டரிகள் வேண்டும். அவை நிரம்பினால் மாடி வீட்டுக்கும் குடிசைக்கும் ஒரே மாதிரி மாலை மின்சாரம் கிடைக்கும். குடிசைப் பகுதிக்கும் தலித், பழங்குடிக் குடியிருப்புகளுக்கும் சொந்தக் கூரை தேவையில்லை. பொது நிலத்தில் அமைந்த சூரிய நிலையத்தின் பங்கை அவர்களது மின்கட்டணத்தில் கழிக்கலாம். இத்தகைய கூட்டு ஏற்பாட்டை டெல்லி ஒழுங்குமுறை ஆணையம் 2019லேயே விதியாக்கிவிட்டது, ஆகவே நடைமுறைக்கு ஒவ்வாதது என்ற சாக்கு செல்லாது. ஆரம்ப சுகாதார நிலையம், அரசுப் பள்ளி, குடிநீர் மோட்டார், புயல் பாதுகாப்பு மையம் ஆகிய நான்கிலும் தகடும் பேட்டரியும் கட்டாயம். பி.எம். குசும் திட்டத்தில் 40 சதவீதச் செலவை விவசாயி மீது ஏற்றித் தனித்து நிறுத்தப்படும் சூரிய மோட்டார்கள், பாசனம் இல்லாத மாதங்களில் சும்மா கிடக்கின்றன. கம்பி எட்டும் இடங்களில் அவற்றை ஊரின் மின்சாரத்தோடு பிணைக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பராமரிப்பு. தார்னாய் செத்தது வெயில் இல்லாமல் அல்ல. மாற்று பேட்டரிக்கு நிதியும் அதை மாற்ற ஆளும் இல்லாமல் செத்தது. சத்தீஸ்கர் நிலைத்ததற்குக் காரணம், மாநில முகமை பொருத்தியதோடு போய்விடாமல் பராமரிப்பையும் தன் கையில் வைத்திருந்தது. ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் என்று தனியாருக்குக் கொடுத்துவிட்டு, ஆறாம் ஆண்டில் பூட்டிய அறைக்குள் இறந்த பேட்டரிகளை எண்ணும் கதை எல்லா மாநிலங்களிலும் உண்டு. நிரந்தர ஊழியர் நியமனக் கோரிக்கையும் தடையற்ற மின்சாரக் கோரிக்கையும் ஒன்றே என்று மின்சார ஊழியர் சங்கங்கள் மக்களிடம் விளக்கினால், தனியார்மய எதிர்ப்புப் போராட்டம் ஊழியர்களின் சொந்தப் பிரச்சினை என்ற ஆட்சியாளர்களின் பிரச்சாரம் எடுபடாது.

கிளைகள் இதை உள்ளூரில் இருந்தே தொடங்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு தோழர்கள் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று செவிலியர்களிடம் கேட்க வேண்டியவை அதிகம் இல்லை. கூரையில் தகடு இருக்கிறதா, மின்சாரம் போனால் அது வேலை செய்கிறதா, பிரசவ அறைக்குத் தனி மின்சுற்று உண்டா, பேட்டரி கடைசியாக எந்த ஆண்டு மாற்றப்பட்டது, பழுதானால் யாருக்குத் தொலைபேசி செய்கிறார்கள், அவர் எத்தனை நாளில் வருகிறார். பதில்களை எழுதி, நிலையத்தின் பெயரோடும் தேதியோடும் மாவட்டக் குழுவுக்கு அனுப்பினால், அடுத்த மாவட்ட ஊராட்சிக் கூட்டத்தில் வைக்க வேண்டிய மனு தயாராகிவிடும்.